நீங்க எத்தனை பேர்?

அந்தக் கேள்வி வரும்வரை நேர்காணல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கேக் கடைக்குச் செய்த அட்டைப்பெட்டி, பல் டாக்டரின் போர்டு, சலவைக் கடைக்கு வரைந்த குட்டிச் சட்டைப் பொம்மை என்று ஒவ்வொன்றாகத் திரையில் தள்ளித் தள்ளி அவள் விளக்கினாள். எதிரே இருந்த டிசைன் ஸ்டுடியோ அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெட்டியின் மடிப்பை உற்றுப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. நீங்க எத்தனை பேர்?"

"புரியல."

"'நாங்க இந்தப் பச்சையை எடுத்தோம், நாங்க மூடியை மாத்தினோம்'னு சொல்லிக்கிட்டே வர்றீங்களே. அதுல உங்க பங்கு எது?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பங்காவது மண்ணாவது! பச்சையை எடுத்தவளும் அவள்தான், மூடியை மாற்றியவளும் அவள்தான்.

தப்பு வளர்ப்பில் இருந்தது. ஒற்றைப் பிள்ளையாக இருந்தும் "எங்க அம்மா", "எங்க வீடு" என்று பேசி வளர்ந்தவள். பள்ளியில் முதலாவதாக வந்து "நான்தான், நான்தான்" என்று குதித்த அன்று, "என்னடி நான், நான்னு? தலையில கொம்பு முளைச்சிருக்கா?" என்று அம்மா வாயை அடைத்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் அவள்தான். அதையும்கூட "நாங்க டிகிரி முடிச்சிட்டோம்" என்றுதான் வீடே சொல்லிக்கொண்டது. கடல் தாண்டி வந்து இந்த ஊர் மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள். நாக்கில் இருந்த 'நாங்க' மட்டும் சட்டையை மாற்றிக்கொண்டு கூடவே வந்துவிட்டது.

"எல்லாமே நான் ஒருத்தி பண்ணதுதான்," என்றாள்.

"இவ்வளவு நேரம் நாங்க. இப்ப நானா?" ஸ்டுடியோ அம்மாள் சிரித்தாலும் கண் சிரிக்கவில்லை. "நாளைக்கு உங்க முதலாளிக்கு போன் பண்றேன். இது உங்க கைவேலைதான்னு அவர் சொன்னாப் போதும். வேலை உங்களுக்கு. விசாவையும் நாங்களே போட்டுடுவோம்."

விசா! அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை அலைச்சலும். படிப்பு முடிந்துவிட்டது. மாணவர் விசா இன்னும் சில வாரங்களில் முடிந்துவிடும். அவள் விண்ணப்பித்த ஸ்டுடியோக்கள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடின: இங்கே வேலை செய்ய அனுமதி வைத்திருந்தால் வேலை தருகிறோம். வேலை இருந்தால்தான் அனுமதி என்றது அரசாங்கம். இரண்டு பக்கமும் பூட்டிவிட்டு, சாவி எதிர்ப்பக்கம் இருக்கிறது என்று கை காட்டினார்கள். கதவைத் திறந்து பார்த்த முதல் ஆள் இந்த அம்மாள்தான்.

நடந்ததைக் கேட்டு, கணக்கியல் படிக்கும் அறைத்தோழி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன்னோட அந்த 'நாங்க'ளையெல்லாம் இங்க கூட்டிட்டு வாடி. பாத்திரம் தேய்க்க ஆள் கிடைச்ச மாதிரி இருக்கும்."

"வாயை மூடுடி. வயிறு எரியுது."

அவள் வேலை பார்த்தது நம் ஆள் ஒருவர் நடத்தும் அச்சுக்கடையில். விசிட்டிங் கார்டு, பேனர், லேமினேஷன். சம்பளச் சீட்டில் அவள் 'கவுன்டர் உதவியாளர்'. டிசைன் முழுக்க அவள் தலையில். கடை அண்ணனுக்குத் தமிழ் இலக்கணம் அத்துப்படி. வேலை வந்தால் "நாம இன்னைக்கே முடிச்சிடணும்மா" என்பார். அந்த 'நாம'வில் அவள் மட்டும்தான் இருப்பாள். வாடிக்கையாளர் பாராட்டினால் "நாங்க பண்ணதுதான் சார்" என்பார். அந்த 'நாங்க'வில் அவள் மட்டும் இருக்கமாட்டாள்.

மறுநாள் காலை கடை திறந்ததுமே அவரிடம் சொல்லிவிட்டாள். "அண்ணே, ஒரு அம்மா போன் பண்ணுவாங்க. அந்த டிசைனெல்லாம் இவதான் தனியா பண்ணான்னு சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

"அதுக்கென்னம்மா! சொன்னாப் போச்சு."

போன் வந்தபோது அவள் லேமினேஷன் மெஷினில் இருந்தாள். நீளமான விலைப்பட்டியல் ஒன்று பாதி உள்ளே போயிருந்தது. கையை எடுத்தால் பிலிம் சுருங்கிவிடும். தாளை இழுத்துப் பிடித்தபடியே காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஆமாங்க, நம்ம பொண்ணுதான். தங்கமான பொண்ணு. கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி..."

அவள் தாளை மெஷினுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

"அந்தக் கேக் பெட்டியா? ரொம்ப சந்தோஷங்க! அது நாங்க எல்லாருமா உட்கார்ந்து பண்ணதுங்க. நான் ஐடியா சொல்லுவேன், அந்தப் பொண்ணு அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திடும். சொன்னதை அச்சு அசலாச் செய்யும்."

அவள் கையை விட்டுவிட்டு ஓடினாள். "அண்ணே, போனைக் குடுங்க!"

அவர் அதற்குள் வைத்துவிட்டார். முகமெல்லாம் பூரிப்பு. "உன்னைப் பத்தி அவ்வளவு நல்லபடியா சொல்லியிருக்கேன்மா. ஐயையோ, பிலிம் சுருங்குது பாரு!"

"நான் என்ன சொல்லச் சொன்னேன், நீங்க என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

"பொய்யா சொன்னேன்? கடை எல்லாருக்கும் பொதுதானே?"

"உங்களுக்கு அந்த சாஃப்ட்வேரைத் திறக்கவாவது தெரியுமாண்ணே?"

"திறக்கத்தானே நீ இருக்க," என்றார் அவர், கொஞ்சமும் கோபப்படாமல்.

அவள் உடனே ஸ்டுடியோவுக்கு போன் செய்தாள். ஸ்டுடியோ அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "உங்க முதலாளி உங்களைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடறார். நீங்க அவரைப் பொய்யர்ங்கறீங்க. இதுல நான் யாரை நம்பறது? எனக்குத் தனியா நிக்கற ஆள் வேணும். வருத்தமா இருக்கு, இந்த வேலையை உங்களுக்குக் குடுக்க முடியாது."

அவள் கவுன்டருக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் ஒரு தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"எதுக்கும்மா இந்த அலைச்சல்? நம்ம கடையிலேயே விசா போட்டுத் தர்றேன். இதே கவுன்டர்தான். ஆனா அந்த விசா முடியறவரைக்கும் வேற இடம் மாறமுடியாது, சட்டம் அப்படி. ஊருக்குப் போய் என்ன பண்ணப்போற?"

என்ன பண்ணப்போகிறாள்? கல்யாணப் பத்திரிகைக்குப் பூ பார்டர் போடுவாள். விமானம் ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்பியவள் என்று தெருவே பேசும்.

"சரிண்ணே," என்றாள். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"அப்படிச் சொல்லு! ஆமா, அந்தம்மா பெட்டியை அவ்வளவு பாராட்டினாங்களே, எனக்கு ஒரு புது கார்டு போட்டுக் குடேன். பேருக்குக் கீழ 'கிரியேட்டிவ் டைரக்டர்'னு வரட்டும்."

திட்டுவதற்கு நாக்கு நுனிவரை வார்த்தைகள் வந்தன. அவள் சாஃப்ட்வேரைத் திறந்தாள். கன்னாபின்னாவென்று, பார்த்தவன் சிரிக்கும்படி போட்டுத் தரவேண்டும் என்றுதான் நினைத்தாள். அவர் பெயரைத் தட்டினாள். பட்டம் கொஞ்சம் நெரிசலாக உட்கார்ந்தது. கை தானாகப் போய் எழுத்துகளுக்கு நடுவே ஒரு மயிரிழை விலக்கியது. பார்க்க நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியவில்லை.

"பலே!" என்றார் பின்னால் நின்றவர். "பிரிண்ட் போடு."