வரத்துக் கால்வாயில் நின்ற லாரி

ரகு கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படித்தான். செமஸ்டர் லீவில் தன் ஊர் ஏரிக்காக ஒரு இணையதளம் செய்தான். ஏரியில் யாராவது குப்பையோ கழிவோ கொட்டினால் படமெடுத்து அனுப்பலாம். அவன் சரிபார்த்து வெளியிடுவான், வாரக் கடைசியில் பட்டியலை அச்செடுத்துப் பஞ்சாயத்தில் கொடுப்பான். பக்கத்து ஒரகடம் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை செய்துகொண்டு ஊரில் வாடகைக்கு இருந்தவர்கள்தான் நிறைய அனுப்பினார்கள். அப்பா நரசிம்மன் டீக்கடையில் போனை நீட்டி, "என் பையன் செஞ்சது" என்று எல்லோருக்கும் காட்டினார்.

ஒரு திங்கட்கிழமை, ஷிப்ட் முடிந்து திரும்பிய பூமாரி என்ற பெண் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் ஒரு கழிவுநீர் லாரி குழாயை இறக்கியிருந்தது. நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அது நரசிம்மன் ஓட்டும் லாரி.

அழிக்க ஒரு பொத்தான் போதும். ரகு அழிக்கவுமில்லை, வெளியிடவுமில்லை. புதன்கிழமை பூமாரியே கூப்பிட்டாள்.

"தம்பி, நா அனுப்புன போட்டோ வந்துச்சா? இன்னும் போடலியே."

"வந்துச்சுக்கா. பாத்துகினு இருக்கேன்."

"எங்க ஹாஸ்டல் போர் தண்ணி ஒரே நாத்தம். குளிச்சா ஒடம்பெல்லாம் அரிக்கி. ஒரு பிள்ளைக்குக் காலெல்லாம் புண்ணு. அதாம் கேட்டேன்."

அன்று சாயங்காலம் அப்பாவின் முன்னால் போனை வைத்தான்.

"இது நீதானேப்பா?"

நரசிம்மன் படத்தைப் பெரிதாக்கி நம்பரைப் பார்த்தார். "நான்தான். கழிவ எறக்குற எடத்துல அஞ்சு மணிக்கே கேட்ட மூடிடுறான். ஹாஸ்டல்காரங்க தொட்டிய காலி பண்ண அதுக்கப்புறம்தான் கூப்புடுறாங்க. ரொம்பின லாரிய வச்சிகினு எங்கடா போவேன்? நான் மட்டுமா ஊத்துறேன்?"

"நாளைக்குப் போடப்போறேன்."

"பெத்த அப்பன் மானத்த வாங்கப்போறியா?"

"வேற வண்டின்னா அன்னிக்கே போட்டிருப்பேம்பா."

மறுநாள் போட்டான். பஞ்சாயத்தில் அபராதம் போட்டு, ஒரு வாரம் லாரியை எடுக்கக்கூடாது என்றார்கள். நரசிம்மன் டீக்கடைப் பக்கமே போகவில்லை. பேசாத இருவருக்கும் நடுவில் அம்மா காந்திமதிதான் தட்டு வைத்து எடுத்தாள். செய்தது சரிதான் என்று தெரிந்தும், குனிந்த தலையோடு சாப்பிடும் அப்பாவைப் பார்க்க ரகுவால் முடியவில்லை.

எட்டாம் நாள் நரசிம்மன் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"படம் போட்டா மட்டும் போதுமா? அஞ்சு மணிக்கு மூடுறத யாரு கேக்குறது? லாரிக்காரங்க எல்லாரையும் நம்ம வூட்டாண்ட வரச் சொல்லிகீறேன். எங்களுக்கு மனு எழுத வராது. நீ எழுது."

எந்த ஹாஸ்டல் எத்தனை மணிக்குக் கூப்பிடுகிறது என்று ரகு ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்டுக் குறித்தான். முக்கால்வாசி அழைப்பு ஆறு மணிக்கு மேல்தான். அதை மனுவோடு சேர்த்து அப்பாவும் மகனும் கழிவு இறக்கும் இடத்தை நடத்தும் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார்கள். கடைசியில் கேட்டை இரவு ஒன்பது மணிவரை திறந்துவைக்கச் சம்மதித்தார்கள்.

ரகு பூமாரியைக் கூப்பிட்டான். அது யாருடைய லாரி என்பதையும் சொன்னான்.

"ஒங்க அப்பாவா? வீட்ல ஏசலியா?"

"ஏசுனாரு. தண்ணி எப்டிக்கா இருக்கு?"

"கால்வாய்ல நாத்தம் கொறஞ்சிருக்கு. போர் தண்ணி அப்படியேதான் கெடக்கு."

"ஒரு பாட்டில்ல புடிச்சு வைங்க. இப்பவே வந்து வாங்கிகினு போயி டெஸ்டுக்குக் குடுக்குறேன்."

அவன் பைக்கை வெளியே தள்ளினான். நரசிம்மன் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.