மஞ்சள் கோடு

உயரம் பார்க்கும் பலகையின் முன்னால் தம்பி ரித்திக் எம்பி நின்றபோது தாரணியின் கைபேசி அதிர்ந்தது.

"எம்பக் கூடாது தம்பி," என்றார் கேட்டில் நின்ற நெய்னா முகம்மது. அவன் குதிகாலை இறக்கினான். அப்போதும் தலை குறியைத் தொட்டது.

அழைத்தது அம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து.

"அப்பா போயிட்டாருமா. இப்பதான். தம்பியக் கூட்டிக்கிட்டு டாக்ஸியில வந்துடு."

சிங்கப்பூரில் பூன் லே பக்கத்திலிருந்த அந்தச் சின்னப் பிள்ளைகளின் பூங்காவில் வரிசையில் நின்றவர்கள் பாதிப்பேர் பால்புட்டிக்காரர்கள். பதினைந்து வயது தாரணிக்கோ அங்கே மேடேறிச் சரிந்து பாயும் குட்டி ரயிலில் ஏறவே பயம். அப்பா ரத்னவேல் அதன் தண்டவாளத்துக்கு நட்டு முறுக்கியவர். முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்பார்; நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். நேற்று மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்க வாங்க அவர் கேட்டது ஒன்றுதான். நாளைக்குத் தம்பியை அதில் ஏற்ற வேண்டும், யார் கூப்பிட்டாலும் பாதியில் திரும்பக் கூடாது. பயமாக இருந்தால் கோட்டைப் பார்த்துக்கொள் என்று சிரித்தார்.

"அம்மா, பத்தே நிமிஷம். தம்பிய ரயில்ல ஏத்துறேன்னு அப்பாகிட்ட சொல்லிருக்கேன்மா."

மறுமுனையில் யாரோ திரைச்சீலையை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"பெல்ட்ட ரெண்டு தடவ இழுத்துப் பாரு," என்றாள் அம்மா.

அதற்குள் ரித்திக் கதையளக்கத் தொடங்கியிருந்தான். இந்த ரயிலை யார் செய்தது தெரியுமா என்று நெய்னா முகம்மதைக் கேட்டு, அவர் வாய் திறப்பதற்குள் தானே சொன்னான்.

"எங்கப்பா."

"உங்கப்பா இன்ஜினியரா?"

"இல்ல லா. போல்ட்டு."

அவர் சிரித்துவிட்டு, மெய்தானா என்பதுபோலத் தாரணியைப் பார்த்தார்.

"ஆமா அங்கிள்," என்றாள். "இதுல இருக்கிற எல்லா போல்ட்டும் எங்கப்பா முறுக்குனதுதான்."

முன்பெட்டியில் உட்கார்ந்தார்கள். தம்பியின் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள், பிறகு தன்னுடையதை. ரயில் கடகடவென்று மேட்டில் ஏறியது. ரித்திக் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, அக்கா நீயும் தூக்கு என்றான். அவள் கம்பியை விடாமல் பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன, வெயிலில் வெளுத்து, விரல் அகலத்துக்கு. ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை.

உச்சியில் ரயில் ஒரு கணம் தயங்கியது.

தாரணி கைகளைத் தூக்கினாள்.