ஆசீர்வதித்த பணிஸ்

நிக்கலஸை மூன்றாவது தடவையாகப் பட்டினி போட்டார்கள்.

முதல் தடவை மார்ச் மாதம். முந்தின இரவு பன்னிரண்டு மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்த மனிசனிடம், பகல் இரண்டு மணிக்கு வந்து, தசையைத் தளர்த்துகிற மருந்து ஸ்டோரில் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இரண்டாவது தடவை மே மாதம். தியேட்டர் வாசல்வரைக்கும் ட்ரொலியில் கொண்டுபோனார்கள். பிறகு, மயக்க மருந்து டொக்டரை அவசரப் பிள்ளைப்பேறு ஒன்றுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அப்படியே திருப்பிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்குப் பின்னேரம் கழிப்பறைக்குப் போகிற வழியில் நிக்கலஸ் மயங்கி விழுந்தார். மருந்து இல்லாமலே மயங்கிக் காட்டிவிட்டேன் என்று அவரே பகிடி விட்டார். வாட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய மனைவி கிறிஸ்டினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

குடலில் கட்டி. ஜனவரியில் ஸ்கேன் படத்தைப் பார்த்த சேர்ஜன், "வேற இடத்துக்குப் பரவேல்ல, இப்ப எடுத்தால் ஆள் தப்புவார்" என்று சொன்னார். அந்த 'இப்ப' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கிறிஸ்டின் ஏழு மாதமாக அலைகிறாள். பாலையூற்றில் தான் நடத்திய பாலர் பள்ளியைப் பூட்டிவிட்டு, காலையும் மாலையும் பஸ் பிடித்து வருகிறாள். ஜனவரியில் சொன்ன 'இப்ப' ஜூலையிலும் செல்லுபடியாகுமா என்று யாரிடமும் கேட்க அவளுக்குத் துணிவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள் அல்லவா.

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். பெயரைச் சொல்லி யாருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை. அங்கே மயக்க மருந்து கொடுக்கிற பெரிய டொக்டர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் போனார், பிறகு இன்னொருவரும் போனார். மிஞ்சியவர் டொக்டர் முனாப். பிள்ளைப்பேறும் அவர், விபத்தும் அவர், ஐசியுவும் அவர். அவரும் வியாழக்கிழமை இங்கிலாந்துக்குப் பறக்கிறார். இரண்டு வருடம் ஒற்றை ஆளாக மாரடித்தவரைப் போகாதே என்று சொல்ல எவருக்கு வாய் இருக்கிறது? அவருடைய இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமைதான் அவருடைய கடைசித் தியேட்டர் நாள். அன்றைய பட்டியலில் முதற் பெயர் நிக்கலஸ்.

திங்கட்கிழமை பின்னேரம் டொக்டர் முனாப் கட்டிலடிக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். "வயித்துக்குள்ள சாப்பாடு கிடந்தா, நீங்க மயங்கின நேரம் அது மேல வரும். மேல வந்தது நுரையீரலுக்குள்ள இறங்கும். அதுக்குப் பிறகு என்ட கையில ஒண்டும் இல்ல. அதனாலதான் இந்தப் பட்டினி. உங்கள வதைக்கிறதுக்கு இல்ல." இரண்டு பேரும் தலையாட்டினார்கள். விளங்காமல் ஆட்டவில்லை, நன்றாக விளங்கித்தான் ஆட்டினார்கள்.

அடுத்த நாள் காலை ஆறே முக்காலுக்கு நிக்கலஸின் தமக்கை ஞானமணி, அந்தோனியார் கோவில் பூசை முடிந்த கையோடு வாட்டுக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கோவிலில் பணிஸ், உள்ளங்கையளவு இனிப்பு ரொட்டி, ஆசீர்வதித்துக் கொடுப்பார்கள். அதைப் பற்றி அந்தப் பக்கத்துச் சனத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிறவர்கள்கூட, மத்தியானம்வரை வேறொன்றும் தொடாதவர்கள், அந்தப் பணிஸை மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு வாயில் போடுவார்கள். அதனால் ஒருசந்தி முறியாது. அது சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. கிறிஸ்டின் பிறந்த நாளிலிருந்து பார்த்து வளர்ந்த வழக்கம் அது.

ஞானமணி ஈரக் கண்ணோடு தம்பியின் நெற்றியில் சிலுவை போட்டாள். லேஞ்சித் துணியில் முடிந்து வந்த பணிஸ் இரண்டையும் கிறிஸ்டினிடம் கொடுத்தாள். ஒன்று அவருக்கு, மற்றது உனக்கு என்றாள். கிறிஸ்டின் ஒன்றைப் பிய்த்து நிக்கலஸின் வாயில் வைத்தாள். அவர் தின்றார். அவருடைய கண் மற்றப் பணிஸில் நின்றது. முந்தின நாள் முழுக்க அவருக்குத் தெளிந்த சூப்பும் தண்ணீரும்தான். கிறிஸ்டின் தன்னுடையதையும் நீட்டினாள். அதையும் தின்று முடித்தார்.

எட்டு மணிக்கு நேர்ஸ் பிரசாந்தினி கடதாசியோடு வந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். கட்டுப்பல் இருக்கோ, நகை கழற்றியாச்சோ, ஏதும் சாப்பிட்டவரோ.

"இல்லை மிஸ்" என்றாள் கிறிஸ்டின்.

அவள் பொய் சொல்லவில்லை. வேதப்புத்தகத்தில் கையை வைக்கச் சொல்லியிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பாள்.

ஒன்பது மணிக்கு ட்ரொலி உருண்டது. இந்தத் தடவை தியேட்டர் வாசலில் நிற்கவில்லை, கதவு திறந்தது, உள்ளே போனது. கிறிஸ்டின் நெஞ்சில் கை வைத்து அந்தோனியாருக்கு நன்றி சொன்னாள். வெளியே நீள வாங்கில் மச்சாள் ஞானமணிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். தூரத்தில் துறைமுகத்துப் பக்கமிருந்து கப்பலொன்று ஊதியது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஞானமணி அவளுடைய முதுகைத் தடவினாள்.

"கவலைப்படாதை. போன ரெண்டு தரமும் வெறும் வயித்தோட கிடந்து துடிச்சவன். இண்டைக்குப் பணிஸ் ரெண்டும் வயித்துக்குள்ள கிடக்கு. பசியில்லாமல் போறான் என்ர தம்பி."

அவ்வளவுதான் சொன்னாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் 'வயித்துக்குள்ள கிடக்கு' என்ற சொல் காதில் விழுந்ததும் கிறிஸ்டின் நிமிர்ந்து இருந்தாள். நேற்று டொக்டர் சொன்னதும் அதே சொல். ஆசீர்வாதம் என்று அவள் ஊட்டியது, மாவும் சீனியும் மாஜரினுமாக அவருடைய வயிற்றில் கிடக்கிறது.

"மச்சாள், அது சாப்பாடு" என்றாள்.

"எது?"

"பணிஸ். நான் சாப்பாடு குடுத்திட்டன். போய்ச் சொல்லவேணும்."

எழுந்தவளின் கையை ஞானமணி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் அவளுக்கு விளங்கியது வேறு.

"பேசாமல் இரு. சொன்னியெண்டால் இண்டைக்கும் திருப்பி விடுவாங்கள். மூண்டாம் தரம். வியாழக்கிழமை அந்த டொக்டரும் போயிட்டால் பேந்து ஆர் இருக்கினம் மயக்குறதுக்கு? கட்டி உனக்காகப் பாத்துக்கொண்டிருக்குமோ?"

"அவர் செத்துப்போவார் மச்சாள்."

"கோவில் பணிஸ் திண்டு ஒருத்தன் சாவானோ? உனக்கு விசுவாசம் இல்லையோ?"

மச்சாள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு பணிஸ் இரண்டரை மணித்தியாலத்தில் கரைந்திருக்கலாம். ஒன்றும் நடக்காமல் பின்னேரம் கட்டி வெளியே வந்துவிடலாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாயைத் திறந்தால் இந்த நாள் போய்விடும். இது போனால் இன்னொரு நாள் எங்கிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியாது. அந்தோனியாரே, ஒரு அடையாளம் காட்டும் என்று கெஞ்சினாள். சுவர் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அடையாளம் ஒன்றும் வரவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மச்சாளின் கையை உதறிவிட்டு ஓடினாள்.

கதவடியில் நின்ற சிற்றூழியர் அஸ்ஹான் இரண்டு கையையும் விரித்து மறித்தான்.

"உள்ளுக்குப் போக ஏலா அக்கா! செருப்போட ஏலா!"

"டொக்டர்! முனாப் டொக்டர்! மருந்து ஏத்தாதேங்கோ! அவர் சாப்பிட்டவர்!"

சந்தையில் கூவுகிற மாதிரிக் கத்தினாள். அந்த நடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே ஏதோ ஒரு தட்டு கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. முகமூடியை இறக்கிக்கொண்டு டொக்டர் முனாப் வெளியே வந்தார்.

"என்னத்த சாப்பிட்டார்? எத்தின மணிக்கு?"

"பணிஸ். ரெண்டு. ஆறே முக்காலுக்கு. கோவில் பணிஸ் டொக்டர், சாப்பாடெண்டு நான் நினைக்கேல்ல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சுவரில் தோளைச் சாய்த்துக் கண்ணை மூடித் திறந்தார்.

"ஊசியக் கையில எடுத்திட்டன் நான். இப்பதான் அவரிட்டயும் கேட்டன், இல்லை எண்டார்." சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஆறு மணித்தியாலம் போகட்டும். அடுத்த ஆள முதல்ல எடுக்கிறன். ஒரு மணிக்கு உங்கட ஆள். அதுக்கிடையில அவசரம் ஒண்டும் வரக்கூடாதெண்டு கேட்டுக்கொள்ளுங்க."

ஒரு மணி! கிறிஸ்டினுக்கு அவருடைய காலில் விழ வேண்டும்போல இருந்தது. வாங்கிற்கு வந்து செபமாலையை எடுத்தாள். ஞானமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கின் மற்ற முனையில் இருந்தாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அம்புலன்ஸ் சத்தம் எங்கே கேட்டாலும் கிறிஸ்டினின் கை நின்றுவிடும். அது வேறு பக்கம் போனதும் மறுபடி மணி உருளும்.

பன்னிரண்டு இருபதுக்கு வந்த அம்புலன்ஸ் வேறு பக்கம் போகவில்லை. வெருகல் பக்கத்திலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஸ்ரெச்சரில் போட்டிருந்த வெள்ளைத் துணி முழுக்க இரத்தம். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக்கு மேல் இருக்காது. அவளுடைய தாய் வெறுங்காலோடு பின்னால் ஓடிவந்தாள். கிறிஸ்டின் அந்தத் தாயைப் பார்த்தாள். பார்த்த அந்தக் கணத்தில் அவளுடைய மனதில் எழுந்தது இரக்கம் இல்லை. இன்னும் ஒரு மணித்தியாலம் கழித்து வந்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தாள். நினைத்துவிட்டுத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

பிள்ளை தப்பியது. அந்தப் பெண்ணின் உயிரும் தங்கியது, ஆனால் சுவாசம் கொடுக்கிற மெசினோடு. நிக்கலஸுக்கென்று ஒதுக்கிவைத்திருந்த ஐசியு கட்டிலில் அவளைப் போட்டார்கள். இருந்த கட்டில் அது ஒன்றுதான். அந்தக் கட்டில் இல்லாமல் நிக்கலஸின் வயிற்றைத் திறக்க முடியாது. டொக்டர் முனாப் அவள் பக்கத்தை விட்டு அசையவும் முடியாது. மூன்றரைக்கு அவரே வந்து சொன்னார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"கண்டிக்குக் கடிதம் தாறன். அங்க ஆக்கள் இருக்காங்க. என்னால ஏலாமப் போயிட்டுது அம்மா. நீங்க ஓடி வந்து சொன்னது சரி, அத மட்டும் மறந்திடாதீங்க."

ஞானமணி எழுந்தாள். போகிற போக்கில், "என்ர தம்பியைக் கொன்றுபோட்டாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வாட்டில் நிக்கலஸ் பழைய கட்டிலிலேயே கிடந்தார். தலைமாட்டில் தொங்கிய 'உணவு கொடுக்கக் கூடாது' மட்டையைப் பிரசாந்தினி கழற்றிக்கொண்டு போனாள். கிறிஸ்டின் பக்கத்தில் இருந்தாள். இனி அவர் கேட்பார், யார் சொன்னது என்று. கேட்குமுன் தானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

"நான்தான் சொன்னனான். நான் தந்தது சாப்பாடெண்டு எனக்கு விளங்கேல்ல. உங்களுக்கும் விளங்கியிராது."

"எனக்கு விளங்கினது" என்றார் நிக்கலஸ்.

கிறிஸ்டின் அவரைப் பார்த்தாள்.

"முதல் பணிஸ் திண்ணேக்க விளங்கேல்ல. ரெண்டாவதைக் கடிக்கேக்க விளங்கிட்டுது. விளங்கியும் விழுங்கினன். அவ்வளவு பசி." அவர் முகட்டைப் பார்த்தபடியே கதைத்தார். "உள்ளுக்கு டொக்டர் கேட்டவர். யோசிச்சுத்தான் இல்லையெண்டனான். இண்டைக்கு விட்டால் எனக்கு வேற நாள் இல்லை. மயக்கத்தில செத்தால் நோகாமல் சாவு. தப்பினால் கட்டியில்லாமல் வீட்டுக்கு வருவன். ரெண்டும் எனக்குச் சம்மதம். அது என்ர முடிவு, கிறிஸ்டின். நீ ஏன் அதுக்குள்ள வந்தனீ?"

திட்டு வாங்கத் தயாராக வந்தவள் அவள். இதற்குத் தயாராக வரவில்லை. ஒருவேளை இந்நேரம் கட்டி ஒரு போத்தலுக்குள் இருந்திருக்கும், அவர் கண் விழித்து ஏதாவது பகிடி விட்டுக்கொண்டிருப்பார். ஒருவேளை இந்நேரம் அவள் சவப்பெட்டி சொல்லப் போயிருப்பாள். இரண்டில் எது என்று அவளுக்கு இனிச் சாகும்வரை தெரியப் போவதில்லை.

"கண்டிக்குக் கடிதம் தந்திருக்கினம்" என்றாள்.

"எப்பவாம்?"

"திகதி இல்லை. போய் நிண்டு கேக்கவேணும்."

"அங்கயும் பட்டினி போடுவினம்."

"ஓம்."

"அங்கயும் கடைசி நேரத்தில ஏதும் பிழைச்சு, அது உனக்கு மட்டும் தெரிஞ்சால்? ஓடிப்போய்ச் சொல்லுவியோ?"

அவருடைய கன்னம் இரண்டும் ஒட்டிப்போய் இருந்தன. கண்ணில் கெஞ்சல் இருந்தது. இருபத்தொரு வருடத்தில் அவர் அவளிடம் எதற்கும் கெஞ்சினதில்லை. சொல்லமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்று இரவு நிம்மதியாகத் தூங்குவார். அந்த வார்த்தை அவளுடைய தொண்டைவரைக்கும் வந்தது.

"சொல்லுவன்" என்றாள் கிறிஸ்டின்.

நிக்கலஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.