கண்ணுக்குக் கீழே ஒன்றரை மீட்டர்

தண்ணீர்த் தொட்டி மண்ணுக்குள்ளிருந்து நாலரை மீட்டர் எழுந்து பழைய உயரத்துக்கு வந்த காலையில் அங்கே இருந்தவர்கள்: அதைக் கட்டிய மேஸ்திரி, அவருடைய மருமகளான கணக்கு டீச்சர், தொட்டியின் காவலாளி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பிறகு வந்தவர்கள்.

தொட்டி மண்ணுக்குள் போன விதம் இது. பாகைமானியின் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுவில் நூல் கட்டி, நுனியில் இரும்பு நட்டைத் தொங்கவிட்டு, டீச்சர் பிள்ளைகளைத் தொட்டியடிக்கு அழைத்து வந்தாள். ஸ்ட்ரா வழியே உச்சியைப் பார்த்தபடி பின்னால் நடந்து, நூல் நாற்பத்தைந்து பாகையில் நிற்கும் இடத்தில் முளை அடித்தாள். அங்கிருந்து தொட்டி எவ்வளவு தூரமோ அவ்வளவு உயரம் என்பது பாடம். நாடா இருபத்திரண்டரை மீட்டர் காட்டியது. மேஸ்திரியின் பெயர்க்கல்லில் இருந்ததோ இருபத்துநாலு. டீச்சர் அளந்ததைத்தான் எழுதுவாள். காவலாளி அறையில் சாய்த்திருந்த கரும்பலகையில் இருபத்திரண்டரை என்று எழுதிச் சுண்ணக்கட்டியை எடுத்ததும், தொட்டி அந்த உயரத்துக்கு இறங்கியது. வயதானவர் நாற்காலியில் உட்காருவதுபோல மெதுவாக இறங்கியதால் உச்சியிலிருந்த புறாக்கள்கூடப் பறக்கவில்லை. பெயர்க்கல் மண்ணுக்குள் போயிற்று.

மறுவாரம் சரிபார்க்க வந்தபோது இருபத்தொன்று. அதற்கும் இறங்கியது. அடுத்த வாரம் பத்தொன்பதரை. மாடி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. கடைத்தெருவில் ஒரு பெயிண்டர், “என்ன மேஸ்திரி, சிமெண்டுக்குப் பதிலா சர்க்கரையக் கலந்துட்டீங்களா? கரையுதே!” என்று கேட்டான். மேஸ்திரியின் வீட்டாரான எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எவரும் கலவையில் சிமெண்டைக் குறைத்ததில்லை. நகராட்சி, திங்கட்கிழமை தொட்டியை இடிப்பதென்றும் மேஸ்திரிக்கு இனி வேலை தருவதில்லை என்றும் முடிவு செய்தது.

“இருபத்துநாலுன்னு எழுதிடேம்மா,” என்று அவர் வீட்டில் ஒருமுறை கேட்டார்.

“அளக்காம எழுத மாட்டேன் மாமா. நீங்க மட்டம் பாக்காம செங்கல் வெப்பீங்களா?”

 

சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவரே தொட்டியடிக்கு வந்தார். டீச்சர் அன்றைய முளையை அடித்திருந்தாள், இன்னும் எழுதவில்லை. அவர் பாடப்புத்தகத்தை வாங்கிப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“படத்துல கண்ணு தரையில இருக்கு. நீ நின்னுக்கிட்டில்ல பாக்கறே?”

யாருக்கும் குனியாத மனிதர் மண்ணில் குப்புறப் படுத்தார். நட்டு தொங்குவதற்குக் காவலாளி ஒரு சாண் குழி தோண்டினார். இடம் பின்னால் நகர நகர, மூன்று குழி தோண்டவேண்டியிருந்தது. நூல் நாற்பத்தைந்தில் நின்ற இடம், டீச்சரின் முளைக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்தது. டீச்சர் அந்த ஒன்றரை மீட்டர் நாடாவை எடுத்துத் தன் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தாள். நுனி அவள் கண்ணுக்கு நேராக வந்தது.

“உன் கண்ணுக்கு மேல இருக்கறத மட்டும் அளந்திருக்கே,” என்றார் மேஸ்திரி, படுத்தபடியே. “கண்ணுக்குக் கீழ இருக்கறதையும் நான்தாம்மா கட்டினேன்.”

“தப்பு என்னோடதுதான் மாமா,” என்று பிள்ளைகள் முன்னாலேயே சொன்னாள் டீச்சர். பின் கரும்பலகையில் கடைசி இரண்டு வரிகளை அடித்துவிட்டு, முதல் வரியில் ஒன்றரையைக் கூட்டி, இருபத்துநாலு என்று எழுதினாள். தொட்டி எழுந்தது. பெயர்க்கல் ஈரமண்ணோடு வெளியே வந்தது. எழுத்துகளை அவள் முந்தானையால் துடைத்தாள். மதியத்துக்குள் மாடிக் குழாய்களில் தண்ணீர் வந்தது.

பதினேழு ஆண்டுகளாக, ஒன்பதாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் நோட்டின் முதல் பக்கத்தில் தன் கண்ணின் உயரத்தை எழுதிக்கொள்கிறது. தொட்டியின் சுவரில் மூன்று மண் வளையங்கள் உண்டு. வெள்ளையடித்தாலும் தெரியும்.

அன்று மேஸ்திரி ஊரறிய மருமகள் காலில் விழுந்தார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அவர் உயரம் பார்க்கப் படுத்தார். அவருடைய தலை தொட்டியை நோக்கி இருந்தது. மருமகள் அவருக்கு வலப்பக்கம் இரண்டு மீட்டர் தள்ளி நின்றாள். அதுவும் நாடா பிடித்து அளந்தது.