காமிராவுக்குப் பின்னால் ஆள் இல்லை

1

ஒளிவுமறைவு எதற்கு? இந்தக் கதை, நான் வாங்கிய பழைய காமிராவோடு வந்த கையேட்டின் எழுபத்து மூன்றாம் பக்கத்தில் கிடைத்தது. முன்கூட்டியே ஒரு தூரத்தைக் குறித்து வைத்துவிட்டால், அந்த இடத்துக்குப் பொருள் வந்து தெளிவானதும் காமிரா தானாகவே படமெடுத்துக்கொள்ளுமாம். "உங்கள் கைகளுக்கு வேலையில்லை" என்று முடிந்திருந்தது. வேலையில்லாத கைகளை வைத்துக்கொண்டு மனிதன் என்னதான் செய்வான் என்று யோசித்தேன். அதற்காக ஓர் ஆளை உண்டாக்கினேன். ரயில்களைப் படமெடுப்பவன். தெருவில் எல்லோரும் அவனைப் படக்காரன் என்கிறார்கள், எனக்கும் அதுவே போதும்.

முதல் தொடக்கம்: வளைவில் ரயில் திரும்பும் முன்பே தண்டவாளம் அதை அறிந்துகொண்டு மெல்ல...

(வேண்டாம். தண்டவாளம் எதையும் அறியாது. எனக்கு எழுத வரும் என்று காட்டிக்கொள்ள எழுதிய வரி அது.)

இரண்டாம் தொடக்கம்: அவன் மனைவி ரயில் ஓட்டுகிறாள்.

(இது சரி. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.)

2

தினமும் மாலை நாலு இருபதுக்கு அவளுடைய ரயில் அந்த வளைவைக் கடக்கும். பன்னிரண்டு வருடங்களாக, வேலிக்கு வெளியே படக்காரன் காமிராவை முகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பான். அவளைக் கட்டிக்கொண்டதே ரயிலுக்காகத்தான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அவனும் மறுத்ததில்லை.

போன வாரம் அவள் சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதத்தை வைத்தாள். மாற்றல் விண்ணப்பம். ஏழு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் வேறொரு பணிமனை. போனால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தாள், கையெழுத்தைத் தவிர. அதைக் கொடுக்க வெள்ளிக்கிழமை காலைதான் கடைசி.

"எதுக்கு இது?"

"பன்னெண்டு வருஷமா அந்த வளைவுல உங்க மூஞ்சியத் தேடறேன். கறுப்பா ஒரு டப்பாதான் தெரியுது. டப்பாவப் பாக்க நான் எதுக்கு இங்கேயே இருக்கணும்?"

"படம் எடுக்கறது பிரியம் இல்லாமயா?"

"நான் முதமுதல்ல தனியா ஓட்டிட்டு வந்தேனே, அன்னைக்குக் கை காட்டினீங்களா?"

"அறுபத்தோரு படம் எடுத்தேனே!"

"அதத்தான் சொல்றேன்."

இதுவரை எழுதியதை என் அக்காவிடம் காட்டினேன்.* "இவனுக்கு என்ன கேடு? காமிராவ வீட்ல வச்சுட்டுப் போய்க் கைய ஆட்டினா முடிஞ்சுது. இதுக்கு ஒரு கதையா?" என்றாள். அக்கா சொல்வது நியாயம். ஆனால் படக்காரன் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்கிற ரகம். படமும் வேண்டும், மனைவியும் வேண்டும். அவனை வேறு மாதிரி எழுத இரண்டு நாள் முயன்றேன். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ வந்து நின்றார்கள்.

(* என் கதைகளை அச்சுக்கு முன்பு படிக்கும் ஒரே ஆள். அச்சுக்குப் பிறகு படித்ததில்லை.)

3

அதே எழுபத்து மூன்றாம் பக்கத்தை அவனும் படித்தான். வியாழக்கிழமை குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று கையசைத்துப் பார்த்தான். ஒரு கையா, இரண்டு கையா? ஒரு கை என்றால் பேருந்தை நிறுத்துகிறவன் மாதிரி இருந்தது. இரண்டே நல்லது என்று முடிவு செய்தான்.

மூன்று மணிக்கே வேலியோரம் முக்காலியை நட்டு, காமிராவை மாட்டினான். தண்டவாளத்தோரம் இருந்த வெள்ளைக் கல்லுக்குத் தூரத்தைக் குறித்து, காமிராவைத் தொடாமலே இயக்கும் விசைக்கம்பியின் பொத்தானை அழுத்திப் பூட்டினான். இனி அந்தக் கல்லுக்கு நேரே எது வந்தாலும் காமிரா விடாது. மூன்று ஐம்பதுக்கு ஒரு சரக்கு ரயில் வந்தது. படபடவென்று ஒன்பது படம். அவன் கையே படாமல்! சந்தோஷத்தில் சரக்கு ரயிலுக்கே கையசைத்தான்.

பிறகுதான் அந்தத் தவறைச் செய்தான். தவறென்று அவனுக்குத் தெரியாது. முக்காலிக்குப் பக்கத்தில் நின்றால் தன் நிழல் படத்தில் விழும் என்று கணக்குப் போட்டு, பதினைந்து தப்படி தள்ளி, அடர்ந்த மரத்தடியில் போய் நின்றான். பன்னிரண்டு வருடப் பழக்கம். நல்ல வெளிச்சத்தைக் காமிராவுக்குக் கொடுத்துவிட்டு, இருட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டான்.

(இங்கே நான் அவனைக் கூப்பிட்டு எச்சரித்திருக்கலாம். எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நானும் அவனைப் போல விசையைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

4

நாலு இருபது. வளைவில் ரயில் தலைகாட்டியது. படக்காரன் மரத்தடியில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து அவளுக்குத் தெரிந்தது இதுதான்: பளீரென்ற வெயிலில் ஒரு முக்காலி. அதன்மேல் அந்தக் காமிரா. பின்னால் ஆள் இல்லை.

காமிராவைப் பிரிந்து அவன் ஓரடி நகர்ந்து அவள் பார்த்ததில்லை. காகிதத்தை மேசையில் வைத்ததிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவும் இல்லை. தண்டவாளத்தில் வந்து நிற்கும் மனிதர்களைப் பற்றி ரயில் ஓட்டுகிறவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊதல் நீளமாக அலறியது. கூடவே பிரேக். ரயில் கிறீச்சிட்டுக்கொண்டே வெள்ளைக் கல்லைத் தாண்டிப் போய் நின்றது. அவள் சன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுச் சக்கரங்களுக்கு அடியில் தேடினாள்.

அவன் வேலியைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தான். "இங்க இருக்கேன்! இங்க!"

அவள் நிமிர்ந்தாள். பிறகு, பயணிகள் எல்லோரும் எட்டிப் பார்க்க, "எங்க போய்த் தொலைஞ்சீங்க!" என்று கத்தி அழுதாள்.

மூன்று நிமிடம் கழித்து ரயில் கிளம்பியது.

5

முடிவுக்கு மூன்று வழி பார்த்தேன். ஒன்று: அவள் விண்ணப்பத்தைக் கிழித்துவிடுகிறாள். (அக்கா கொட்டாவி விட்டாள்.) இரண்டு: அவன் காமிராவைக் குளத்தில் எறிந்து... (விலை தெரிந்தவன் எறிய மாட்டான்.) மூன்று: அவள் கையெழுத்துப் போட்டு, அவன் பெட்டி கட்ட உதவி... (இதை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அதனாலேயே நம்பவில்லை.)

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்று மாலை படக்காரன் வீட்டில் தனியாக உட்கார்ந்து படங்களைப் பார்த்தான். அவள் ரயிலுக்கும் ஒன்பது படம். ஒன்பதும் துல்லியம். எஞ்சின் முகத்தில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம். வாய் திறந்து, தண்டவாளத்தை நோக்கிக் குனிந்து, அவனைத் தேடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த வளைவில் இவள் தன்னைத் தேடியிருக்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் படங்களில் ஒன்றை அச்செடுத்து மேசையில் வைத்தான்.

அவள் வந்தாள். கையில் இன்னொரு காகிதம். காரணமில்லாமல் ரயிலை நிறுத்தியதற்கு அதிகாரி கேட்ட விளக்கம். "நிறுத்தியதன் காரணம்" என்ற தலைப்புக்குக் கீழே நான்கு வரி காலி. அதை மாற்றல் விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். படத்தை எடுத்துப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"நான் கை காட்டினேன். ரெண்டு கையும்," என்றான்.

"எங்க நின்னுகிட்டு?"

"நிழல்ல."

அவளுக்குச் சிரிப்பா, கோபமா என்று எனக்கும் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு காகிதத்திலும் காலி இடம் இருந்தது.

"பேனா எங்க?" என்றாள்.

அவன் தன் வெறுங்கைகளை விரித்துக் காட்டினான்.

பேனா என்னிடம்தான் இருக்கிறது. இந்தாருங்கள்.