விரட்டத் தெரியாதவள்

மனிதனைக் கண்டால் தலைதெறிக்க ஓடுகிற மாதிரி கரடிக்குட்டியை வளர்க்க வேண்டும் என்பது வனவிலங்கு மையத்தின் சட்டம். அந்த வேலையை ஒரு மனுஷியிடமே கொடுத்திருந்தார்கள். என்னே அவர்கள் மூளை!

அவளை எல்லோரும் அக்கா என்பார்கள். தாயில்லாத குட்டியோடு கொஞ்சிப் பேசக் கூடாது என்று இயக்குநர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா கொஞ்சவே இல்லை. திட்டத்தான் செய்தாள். "ஏன்டா எருமை, பால் குடிக்கக்கூட உனக்கு ஆள் வேணுமா? மூஞ்சியைப் பாரு, விளங்காதவனே!" என்று வாய் திட்டும், கை பால்புட்டியைப் பிடித்திருக்கும். பெற்ற பிள்ளைகளையும் அவள் அப்படித்தான் வளர்த்தாள்.

குட்டி வளர்ந்து, காட்டில் விடும் நாள் வந்தது. கூண்டைத் திறந்ததும் கூச்சல் போட்டு விரட்ட வேண்டும். ஓடினால் காடு. மனிதரிடமே ஒட்டிக்கொண்டு நின்றால் ஆயுசுக்கும் இரும்புக் கூண்டு.

இயக்குநர் தகரத்தைத் தட்டினார். கரடி புதர் வரை ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தது.

"அக்கா, நீங்களும் திட்டுங்க. நல்லா உறைக்கிற மாதிரி!"

கேட்க வேண்டுமா? "போடா எருமை! தண்டச்சோறு! இந்தப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிடுவேன்!"

கரடிக்கு ஏக குஷி. ஓடி வந்து அவள் காலடியில் மல்லாந்து, பாலுக்கு வாயைத் திறந்தது. இன்னும் உரக்கத் திட்டினாள். இன்னும் இறுக்கமாகக் காலைக் கட்டிக்கொண்டது.

"கூண்டை எடுத்துட்டு வாங்கப்பா" என்றார் இயக்குநர். அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டதல்லவா!

அக்கா கூண்டைப் பார்த்தாள். அவளிடம் இன்னொரு குரல் இருந்தது. பேச்சுவார்த்தை நின்றுபோன நாத்தனார் வாசலில் வந்து நின்றால் மட்டும் எடுக்கிற குரல். காலை உருவிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"யாரு? என்ன வேணும்?"

கரடியின் காதுகள் நிமிர்ந்தன.

"இங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை. கிளம்புங்க."

அது எழுந்து அவளை முகர்ந்தது. வாடை அவளுடையதுதான், குரல்தான் யாருடையதோ. ஓரடி பின்வாங்கியது. அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. சட்டென்று திரும்பி, ஒரே ஓட்டமாகக் காட்டுக்குள் மறைந்தது.

"பாத்தீங்களா, தகரம் வேலை செஞ்சிருச்சு!" என்றார் இயக்குநர்.

அக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாத்தனாரிடம் இத்தனை வருஷம் அந்தக் குரலில் பேசியும் அக்காவுக்கு ஒன்றும் ஆனதில்லை.