பிளம்பர் மூக்கும் பால் வண்டியும்

பிளம்பருக்கு மூக்கு இருந்தது. முகத்தின் நடுவில், எல்லோருக்கும் இருக்கிற இடத்தில், கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. வேலைதான் செய்யவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது வாசனை பிடிக்கிற சக்தியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு தொழில்காரனாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பான். இவன் பிழைப்பு சாக்கடை அடைப்பு எடுப்பது. மற்ற பிளம்பர்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டும் தாங்காமல் ஓடிவந்த குழிகளின் பக்கத்தில் இவன் சாவகாசமாக உட்கார்ந்து டீ குடித்தான். என்ன மன உறுதி என்று ஊர் வியந்தது. வேலை குவிந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும், மனைவி மட்டும் சோப்பு செய்யாமல் இருந்திருந்தால்.

அவள் சோப்பு செய்ய இறங்கியதே இவனால்தான். கடையில் விற்ற எந்தச் சோப்பும் இவன் மேலிருந்த சாக்கடை வாடையை அசைத்துப் பார்க்கவில்லை. "இவனுங்கள நம்பி பிரயோஜனம் இல்ல, நானே பண்றேன்" என்று சமையலறையைப் பாதியாகப் பிரித்து, ஒரு பக்கம் சமையலும் மறுபக்கம் சோப்புமாக ஆரம்பித்தாள். முதல் கட்டி அச்சைவிட்டு வெளியே வந்தபோது இவன் காய்ச்சலிலிருந்து எழுந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவள் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து அவன் மூக்குக்குக் கீழே நீட்டினாள். எப்படி இருக்கு என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை என்று சொல்ல எந்தப் புருஷனுக்கு மனசு வரும்? "அடேயப்பா" என்றான்.

அந்த ஒரு அடேயப்பா நாலு வருஷத்துக்கு நீண்டது. சோப்பு வியாபாரமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவளுக்கென்று ஒரு மேசை வந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அவள் ஒரே பாட்டைப் பாடினாள்: "எங்க வீட்டுக்காரர் மூக்கத் தாண்டித்தான் ஒரு கட்டி வெளிய வரும். நாள் பூரா சாக்கடையில நிக்கிற மனுஷன். அந்த மூக்கே நல்லா இருக்குன்னு சொன்னா, அப்புறம் என்ன?"

அவனும் தன் பங்குக்குத் தேறிவிட்டான். சோப்பில் சேர்க்கிற வாசனை எண்ணெய்ப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் படத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வான். பிறகு அவள் புருவத்தைப் பார்ப்பான். இடது புருவம் ஏறினால் அவளுக்கே சந்தேகம், கொஞ்சம் குறை சொல்ல வேண்டும். இரண்டும் ஏறினால் அடேயப்பா. ஆனால் குட்டு வெளிப்பட்டால் நாலு வருஷத்து அடேயப்பாவும் ஒரே நாளில் திரும்பி வந்து மேலே விழும் என்று அவனுக்குத் தெரியும். சோப்புக்கு மேல் அவள் உயிரையே வைத்திருந்தாள்.

அவனுக்குக் கிடைத்த ஒரே வாசனைச் செய்தி அவள் மூலமாகத்தான். தினமும் சாயங்காலம் அவளுடைய சோப்பைப் போட்டு இரண்டு தடவை குளித்துவிட்டு வந்து நிற்பான். அவள் அவன் கழுத்தோரம் முகர்ந்து பார்த்து, "சுத்தமா போயிடுச்சு" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் அவன் சோபாவில் உட்காருவான்.

இந்த நிலையில்தான் அவனுடைய பழைய வேன் காலமானது. சாதாரணமாகப் போகவில்லை. நடுரோட்டில் அதன் தரை துருப்பிடித்து இற்று விழுந்து, அடைப்பு எடுக்கிற கம்பிச் சுருள் ஓட்டை வழியாக இறங்கி, இரண்டு சிக்னல் தூரத்துக்கு நீட்டிப் படுத்துக்கொண்டது. வேறு வேன் பார்த்தே ஆக வேண்டும். புதிது வாங்க வசதி இல்லை.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "இனிமே ஞாயித்துக்கிழமை என் சோப்புப் பெட்டியும் அதுலதான் போகணும். பக்கத்துல என்ன வாடை இருந்தாலும் சோப்பு இழுத்துக்கும். வண்டி ஓட்டையா இருந்தாலும் பரவால்ல, நாறக்கூடாது. நானும் வர்றேன்."

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. அவள் மூக்கு கூட வருகிறது, தான் வாயை மூடிக்கொண்டு பின்னால் நின்றால் போதும். ஆனால் போகிற அன்றைக்குக் காலையில் அவள் மூக்கு சிவக்க எழுந்து வந்தாள். கடுமையான ஜலதோஷம். ஊர் அடைப்பையெல்லாம் எடுப்பவனுடைய பெண்டாட்டிக்கு இரண்டு மூக்கும் அடைப்பு.

"எனக்கு ஒண்ணுமே தெரியலங்க. பரவால்ல, நீங்க இருக்கீங்கல்ல? உங்க மூக்குதான் மூக்கு" என்றாள்.

இன்னொரு நாள் போகலாமே என்று இழுத்துப் பார்த்தான். நாளைக்குக் காலையில் ஒரு ஓட்டலில் அடைப்பு எடுக்க வேண்டும், எதில் போவீர்கள், சைக்கிளிலா என்று கேட்டாள். கிளம்பினார்கள்.

பழைய வண்டி விற்கிறவர், கறுப்புக் கண்ணாடியைக் குளிக்கும்போதுகூடக் கழற்றாதவர் போலத் தெரிந்தார். அதனால் அவரை எல்லோரும் கூலிங்கிளாஸ் என்றே கூப்பிட்டார்கள். முதலில் காட்டிய வேன் விட்ட புகையில் எதிர்க்கடை மறைந்தது. இரண்டாவது வேனுக்கு அடியில் பிளம்பர் மல்லாக்கப் படுத்துப் பார்த்தான். துருவுக்கு மேல் பெயிண்டைப் பூசி மெழுகியிருந்தார்கள். விரலால் குத்தினான், விரல் உள்ளே போனது.

"அண்ணே, நீங்க விஷயம் தெரிஞ்சவரு. உங்களுக்குன்னே ஒண்ணு வெச்சிருக்கேன்" என்று கூலிங்கிளாஸ் ஒரு வெள்ளை வேனை நோக்கி நடந்தார். பத்தடி முன்னாலேயே நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டினார். "ஒரே ஓனர். பால் மட்டும்தான் ஏத்தினாங்க. ஒரு பாவமும் பண்ணாத வண்டிண்ணே."

இன்ஜின் தங்கமாக இருந்தது. டயரில் பொட்டுத் தேய்மானம் இல்லை. அடிப்பக்கம் துரு இல்லை. பின்கதவைத் திறந்து உள்ளே நீட்டிப் படுத்து, தலைக்கு மேல் எவ்வளவு மீதி என்று பார்த்தான். நீளமான குழாய்கூட மடங்காமல் படுக்கும். கண்ணாடியில் ஆறேழு வாசனை அட்டைகள் தொங்கின. அவன் அதை அலங்காரம் என்று எடுத்துக்கொண்டான். ஒரு பூனை எங்கிருந்தோ வந்து உள்ளே தாவி, தரை விரிப்பை நக்கிவிட்டுச் சுகமாகச் சுருண்டது.

"எப்படிங்க? வாடை ஏதாவது?" என்று வெளியே நின்ற மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

பிளம்பர் பூனையைப் பார்த்தான். நாறுகிற இடத்தில் பூனை படுக்குமா? வாயில்லா ஜீவனுக்குத் தெரியாததா? நீளமாக மூச்சை இழுத்து, கண்ணை மூடி, சோப்புக்குத் தருகிற அதே இடைவெளி தந்து, "பூ மாதிரி இருக்கு" என்றான்.

கூலிங்கிளாஸ் முதன்முறையாகக் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பிளம்பருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தரையைக் கண்டாலும் தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால்தான் நிம்மதி. ஓரத்தில் இருந்த வாளியை எடுத்து வந்து பின்பக்கம் பூராவும் கொட்டினான். பூனை பாய்ந்து டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

"அய்யய்யோ! ஏண்ணே தண்ணி? தண்ணி மட்டும் வேணாம்ணே!" என்று கூலிங்கிளாஸ் அலறினார்.

"தண்ணி போற வழியப் பார்த்தாத்தான் வண்டி குணம் தெரியும்" என்றான் பிளம்பர். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடவில்லை. விரிப்பு அத்தனையையும் குடித்துவிட்டது. அந்த விரிப்புக்கு அடியில், போன வருஷம் ஒரு கேன் பால் முழுசாகக் கொட்டி, புளித்து, காய்ந்து, மூன்று மாத வெயிலில் ஒருவழியாகத் தூங்கியிருந்தது. பிளம்பர் அதை எழுப்பிவிட்டான். கூலிங்கிளாஸ் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல மூக்கில் வைத்துக்கொண்டே சாவியைத் தூக்கிப் போட்டார். "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கண்ணே. நிதானமா வாங்க."

உச்சி வெயில். ஜலதோஷக்காரி காற்று ஆகாது என்று ஜன்னலை ஏற்றிவிட்டாள். கியர் வெண்ணெயாக விழுந்தது. பிளம்பருக்கு ஒரே குஷி. முதல் திருப்பத்தில் அவள் தும்மினாள். இரண்டாவது திருப்பத்தில் தொடர்ந்து நாலு தும்மல். ஐந்தாவது தும்மலில் அடைப்பு விட்டது. அப்படியே சிலையாக உட்கார்ந்திருந்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, வண்டிக்குள்ள ஏதாவது வாசனை வருதா?"

புருவம் தெரியவில்லை. பிளம்பர் குத்துமதிப்பாகச் சொன்னான். "சுத்தமா இருக்கு. லேசா... உன் சோப்பு வாசனைதான் வருது."

"ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினான்.

"கண்ண மூடுங்க. புதுசா ஒரு சோப்பு பண்ணேன், பையில இருக்கு. வெளிச்சத்துல பார்த்தா கலர் உங்கள ஏமாத்திடும். மூக்கால மட்டும் சொல்லுங்க."

மூடினான். மூக்குக்குக் கீழே ஏதோ வந்தது. இதற்குப் படமும் இல்லை, புருவமும் இல்லை. நாலு வருஷ அனுபவத்தை நம்பி இறங்கினான்.

"அடேயப்பா! மல்லிகை... இல்ல, மல்லிகையோட எலுமிச்சையும் இருக்கு. இந்தத் தடவை எலுமிச்சை கொஞ்சம் தூக்கல். ஆனா இதான் நீ பண்ணதுலயே பெஸ்ட்டு."

கண்ணைத் திறந்தான். அவள் கையில், சீட்டுக்குப் பின்னால் உரித்து எடுத்த விரிப்பின் மூலை, மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அது அழுகையா நாற்றமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கதவைத் திறந்து இறங்கியவள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவனும் போய்க் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். காய்ச்சலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"நாலு வருஷம்" என்றாள் அவள். "அந்த ரோஜா சோப்பு? தெய்வீகமா இருக்குன்னீங்களே. இருநூறு கட்டி போட்டேன், ஒருத்தர்கூட ரெண்டாவது தடவ வாங்கல."

"புட்டியில ரோஜா படம் இருந்துச்சு."

"ஊரு பூரா உங்க மூக்கச் சொல்லி வித்திருக்கேனே! எனக்கு வெக்கமா இருக்கு." பையிலிருந்த நிஜச் சோப்பை எடுத்து அவன் மேல் எறிந்தாள். நெஞ்சில் பட்டது. வலித்தது. வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு உன் மூஞ்சியப் பார்த்தேன். சொல்ல முடியல. அப்புறம் சொல்ல வழியே இல்லாமப் போச்சு. தப்புதான்."

சோப்பைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, அவள் பக்கத்தில் வைத்தான். இதற்கு மேல் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று தோன்றியதும், நாலு வருஷமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டான். சாயங்காலச் செய்தியை நம்பினான்தான். ஆனாலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போனதையும் பார்த்திருக்கிறான்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. நான் நாறுறேனா?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்தாள். பிறகு, "ஆமா" என்றாள்.

"எவ்வளவு?"

"இந்த வண்டிய விடக் கொஞ்சம் கம்மி."

பிளம்பர் இன்னும் ஒரு அடி தள்ளி உட்கார்ந்தான். "தினமும் சுத்தமா போயிடுச்சுன்னியே!"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? சொன்னா அன்னிக்கே பாயைத் தூக்கிக்கிட்டு ஹால்ல போய்ப் படுத்திருப்பீங்க. இப்பவே பாருங்க, தள்ளித் தள்ளிப் போறீங்க. உங்களத் தெரியாதா எனக்கு?" மூக்கைச் சிந்தினாள். "என் சோப்பு தோத்துப்போச்சுன்னு ஒத்துக்கவும் மனசு வரல. அதுவும்தான்."

பூனை ஜன்னலில் ஏறி நின்று அவர்களைப் பார்த்தது.

"வண்டி எப்படி?" என்றாள்.

"தங்கம். இந்த இன்ஜினெல்லாம் நம்ம வசதிக்குக் கிடைக்காது."

"அப்புறம் ஏன் இன்னும் விக்காமக் கெடக்கு?"

"மூக்கு இருக்கறவன் எவன் வாங்குவான்?"

அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "திருப்புங்க வண்டிய. நான் பேசிக்கறேன்."

கூலிங்கிளாஸ் தூரத்திலேயே நின்று விலை சொன்னார். "வெயிலா இருக்கு, உள்ள உக்காந்து பேசலாம்ணே" என்று அவள் அவரை முன்சீட்டில் ஏற்றி, ஜன்னலை ஏற்றி, கதவைச் சாத்தினாள். பிளம்பர் வெளியே நின்று பார்த்தான். முதல் நிமிஷம் கூலிங்கிளாஸ் சிரித்தார். இரண்டாவது நிமிஷம் கண்ணாடி கழன்றது. அவள் அசையவில்லை. சொந்த மூக்கு, முழுசாகத் திறந்த மூக்கு, அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டயராக, ஒவ்வொரு ஸ்குரூவாக நிதானமாகப் பேரம் பேசினாள். நாலு வருஷப் பயிற்சி. மூன்றாவது நிமிஷம் கூலிங்கிளாஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தார்.

"பாதி விலை! பாதிக்கு எடுத்துக்குங்கக்கா, தெய்வமே, பூனையையும் எடுத்துக்குங்க!"

காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது பிளம்பருக்கு ஒரு விஷயம் உறைத்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"உன் சோப்புக்குத்தானே வண்டி நாறக்கூடாதுன்ன? ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவ?"

"பஸ்ல ஏத்தி விடறேன். என் சோப்பு இந்த வண்டியில ஏறாது."

"நீ?"

அவள் சுற்றிக்கொண்டு போய், முன்கதவைத் திறந்து, பூனையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் ஏறுவேன். ஜன்னல மட்டும் இறக்குங்க."